வெட்டாமல் சீவச் சொன்னவர்

லீன், கைசன் என்ற இரண்டு சொற்கள் டுரியான் துங்காலில் உற்பத்திப் பொறியியல் படிக்கும் எங்கள் காதில் வாரத்துக்கு ஒரு முறையாவது விழுந்துவிடும். வேலையில் எங்கெல்லாம் விரயம் இருக்கிறதோ அதைத் தேடிக் களைவது லீன். இன்று செய்த வேலையை நாளை கொஞ்சம் நன்றாகச் செய்வது, அதையே ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்வது கைசன். எடுத்துக்காட்டு கேட்டால் எல்லாரும் டொயோட்டா என்பார்கள். தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் ஜப்பானியத் தொழிற்சாலையில் இந்த முறையை வளர்த்தெடுத்தார். லீன் என்ற பெயரை அதற்கு 1988ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கர் சூட்டினார். பாடநூலில் இதெல்லாம் இருக்கிறது. தேர்வுக்கு நானும் படித்துக்கொண்டேன்.

அந்தப் பெயர் பிறப்பதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் தொழிற்சாலையைப் பார்த்தவர் அல்லர், மரத்தைப் பார்த்தவர். அவர் செய்த சோதனைகள் இல்லாமல் மலாக்கா மாநிலம் பால்மரக் காடாக மாறியிருக்காது. என் பாட்டியின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருக்கவும் மாட்டார். பெயர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் பெயர்தான். எஸ்.பி.எம். எழுதப்போகும் தம்பி தங்கைகள் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தார். தந்தை பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். 1888ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் இயக்குநராகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் அவர் பொறுப்பில் வந்தன. அயர்லாந்தில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1888இல்தான். ஒருவரை ஒருவர் அறியாத இந்த இருவருடைய வேலையும் பின்னால் ஒரே சாலையில் வந்து சேர்ந்தது.

ரிட்லி வந்தபோது சிங்கப்பூர்ப் பூங்காவின் ஒரு மூலையில் சில ரப்பர் மரங்கள் கேட்பாரற்று நின்றன. அவற்றின் பூர்வீகம் பிரேசில். 1876ஆம் ஆண்டு விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை மிகச் சிலவே. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 22 கன்றுகள் மட்டும் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அதிலும் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்குப் போய்விட்டன. பிரேசில் மக்களின் சொத்து இப்படித்தான் வேறு கண்டத்துக்கு வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ரிட்லியைப் பாராட்டலாம், அவருக்குச் சம்பளம் கொடுத்த பேரரசையும் சேர்த்துப் பாராட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மரம் வந்துவிட்டது, ஆனால் அதிலிருந்து பால் எடுக்கும் முறை சரியாக வரவில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவார்கள். பால் வரும், கொத்திய இடம் புண்ணாகி முண்டு முண்டாகப் புடைத்துவிடும். அந்த இடத்தில் மறுபடி பால் எடுக்க முடியாது. அடுத்த நாள் வேறோர் இடத்தில் கொத்த வேண்டும். காட்டில் ஆயிரக்கணக்கான மரங்கள் தாமாக வளர்ந்து கிடக்கும்போது இது ஒரு குறையாகத் தெரியாது, ஒரு மரம் போனால் இன்னொரு மரம். நிலத்தை வாங்கி, கன்று நட்டு, ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து பால் எடுக்க நினைப்பவனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ரிட்லி தன் பூங்காவிலிருந்த மரங்களை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சோதித்தார். மரத்துக்கு உடைமையான பொருள்களில் மிக விலை உயர்ந்தது பால் அன்று, பட்டைதான் என்பதை அவர் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. பால் நாளையும் ஊறும். பட்டை கெட்டால் பால் எடுக்க இடமே இல்லை. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, புதுப் பட்டையை உண்டாக்கும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. கோடரி அதையும் சேர்த்துக் கொத்திவிடும். அதைத் தொடாமல் பால்குழாய்களை மட்டும் திறப்பது எப்படி?

அவர் கண்ட வழி கேட்பதற்கு மிக எளிது. முதல் நாள் சரிவாக ஒரு வெட்டு. அடுத்த முறை புது வெட்டு வேண்டாம். அதே வெட்டின் கீழ் விளிம்பிலிருந்து மெல்லிய ஒரு சீவல் எடுத்தால் போதும், அடைபட்ட குழாய்கள் திறந்து பால் மறுபடி ஓடும். இப்படித் திரும்பத் திரும்பச் சீவும்போது இன்னொன்றும் தெரிய வந்தது. முதல் நாள் வந்த பாலைவிட அடுத்தடுத்த முறை அதிகமாக வந்தது. காயம்பட்ட மரம் தானாகவே பாலைக் கூட்டிக்கொடுத்தது. ஒரே நாள் சோதனையோடு நிறுத்தியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. நேரத்தையும் மாற்றிப் பார்த்தார். விடியற்காலையில் பால் நன்றாக ஓடியது. இரவில் மரம் நீரை நிறைத்து வைத்துக்கொள்கிறது. வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய், உள்ளே அழுத்தம் குறைந்து, பாலும் மெலிந்துவிடுகிறது. தோட்டத்தில் பிறந்தவர்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து பெரட்டுக்கு ஓடியதன் காரணம் இதுதான்.

இந்த முடிவுகளை 1890களில் அவர் ஒவ்வொன்றாக வெளியிட்டார். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரும் சுழற்சி, திட்டமிடு, செய், சோதி, திருத்து என்பது. ரிட்லி அதைத்தான் செய்தார், பெயர் வைக்காமல்.

தமிழில் நம் மக்கள் இந்த வேலைக்கு வைத்திருக்கும் சொல்லைக் கவனியுங்கள். மரம் சீவுதல். வெட்டுதல் என்றும் சொல்வோம். ஆனால் சீவுதல் என்ற சொல்தான் வேலையைச் சரியாகச் சொல்கிறது. பென்சிலைச் சீவுவது போல, பாக்கைச் சீவுவது போல, தேவைக்கு மேல் ஓர் இழைகூட எடுக்காமல் எடுப்பது. ரிட்லி இரண்டு மூன்று பக்கங்களில் விளக்கியதை நம் முன்னோர் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

என் பாட்டி அலோர் காஜா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர். ஒரு நிரைக்கு ஏறத்தாழ ஐந்நூறு மரம். தலையில் விளக்கு, கையில் உளி, தோளில் காண்டாக் கம்பும் வாளியும். மரத்துக்கு மரம் நின்று முதலில் கோட்டுப்பாலை உரிக்க வேண்டும், மங்கைத் துடைக்க வேண்டும், பிறகு ஒரே இழுப்பில் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் காயமாகிவிடும். காயம் பட்ட மரத்தைத் தண்டல் பார்த்துவிட்டால் அன்றைக்கு ஏச்சு நிச்சயம் என்பார். எவ்வளவு கனம் எடுப்பீர்கள் என்று கேட்டேன். கட்டை விரல் நகத்தைக் காட்டினார்.

பாட்டியின் நகத்தைக் கணக்காக்கிப் பார்த்தேன். ரப்பர் ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால், மழை நாள்களைக் கழித்து ஆண்டுக்கு 150 தடவை என்று வைத்துக்கொள்வோம். 1.5ஐ 150ஆல் பெருக்கினால் 225 மில்லிமீட்டர், அதாவது ஆண்டுக்கு 22.5 சென்டிமீட்டர் பட்டை. ஒரு பக்கத்தில் 150 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பட்டை இருந்தால் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் வரும். பிறகு மறுபக்கம் இன்னோர் ஆறரை ஆண்டு. அதற்குள் முதல் பக்கத்தில் புதுப் பட்டை முற்றிவிடும். மறுபடி அங்கே தொடங்கலாம்.

இப்போது கை கொஞ்சம் கனத்து, 2.5 மில்லிமீட்டர் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 37.5 சென்டிமீட்டர். ஒரு பக்கம் நான்கே ஆண்டில் தீர்ந்துவிடும். மறுபக்கமும் நான்கு ஆண்டில் தீர்ந்து, திரும்பி வரும்போது முதல் பக்கத்துப் பட்டை இன்னும் மெலிதாகவே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் மரத்தின் ஆயுளையே சுருக்கிவிடுகிறது. அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றியது எந்த இயந்திரமும் இல்லை. இருட்டில் ஐந்நூறு மரத்துக்கு முன்னால் ஐந்நூறு முறை நின்ற ஒரு கை. லீன் பாடத்தில் ஒவ்வொரு வேலைக்கும் நிலையான வேலைமுறை வேண்டும் என்பார்கள். எங்கள் பயிற்சிக்கூடத்தில் அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பாட்டிக்கு அது மணிக்கட்டில் இருந்தது.

ரிட்லியிடம் திரும்புவோம். முறையைக் கண்டுபிடித்தது பாதி வேலை. அதை ஏற்கவைப்பது மீதிப் பாதி. அன்றைய தோட்ட முதலாளிகள் காப்பியில் கண்ணாக இருந்தார்கள். மலாக்காவில் சீனர்கள் மரவள்ளி பயிரிட்டார்கள். நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மரத்தை யாருக்கும் பிடிக்கவில்லை. மேலதிகாரிகளுக்கும் இந்த ஆசை வீண் வேலையாகத் தெரிந்தது. சட்டைப் பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு சந்திப்பவர்களிடம் எல்லாம் கொடுத்து நடச் சொல்வாராம். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதிகாரம் இருந்தது, ஆனால் ஒரு தோட்டக்காரரைக்கூடக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. கையில் இருந்தவை விதையும் சோதனைக் கணக்கும் பொறுமையும்தான். தலைமைத்துவம் என்று கருத்தரங்குகளில் நாம் கேட்பதில் பாதி, இந்த நிலைமையில் எட்டு ஆண்டுகள் நிற்பதற்கு உதவாது என்று நினைக்கிறேன்.

முதலில் அவரை நம்பிப் பெரிய அளவில் நட்டவர்களில் ஒருவர் நம் மலாக்காக்காரர். தான் சாய் யான், பாபா சீனர், சிங்கப்பூரில் புகழ்பெற்ற தான் தோக் செங்கின் பேரன். 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அப்போது அவருக்கு வயது 26. படிக்கும் நண்பர்கள் இந்த வயதைக் கவனிக்கலாம். முதலில் சிறிதாக நட்டுப் பார்த்து, பிறகுதான் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் போனார். அதே காலத்தில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிய, காப்பி விலை விழுந்தது. சிரித்தவர்கள் விதை கேட்டு வந்தார்கள்.

மற்றது வேகமாக நடந்தது. 1908இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை வெளியிட்டது. 1910இல் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போயிற்று. காட்டு மரத்தைக் கொத்திக்கொண்டிருந்த பிரேசில் பின்தங்கிவிட்டது.

இத்தனை மரத்தைச் சீவ ஆள் வேண்டும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றை அரசு ஏற்படுத்தியது. ஆள் கொண்டுவரும் செலவை முதலாளிகள் பகிர்ந்துகொள்வதற்காக. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட, கங்காணிகள் தங்கள் ஊருக்கே போய் ஆள் பிடித்து வந்தார்கள். 1920களில் தோட்டத்தில் நிர்ணயக் கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பட்டையில் ஒரு மில்லிமீட்டரைச் சேமித்துக்கொடுத்த கைக்கு இதுதான் விலை.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932இல் ரப்பர் விலை பவுண்டுக்கு இரண்டு பென்னி அளவுக்கு விழுந்தது. நிறுவனங்கள் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. எதைக் குறைத்தார்கள்? கூலியைக் குறைத்தார்கள். அதற்கும் மேலாக ஆளையே குறைத்தார்கள். 1930க்குப் பிறகு மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் பிடிக்கப் போனார்கள். மரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட நிர்வாகம், மனிதரைக் கோடரியால் கொத்தியது. இன்று பால் வந்தால் போதும், நாளைக்கு வேறு மரம்.

இதை எழுதும்போது எனக்கு இன்றைய வேலைச் சந்தையும் நினைவுக்கு வருகிறது. நம்மில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டில் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ போகப்போகிறோம். லீன் என்ற பெயரில் முதல் வேலையாக ஆள் பட்டியலைச் சுருக்கும் இடங்கள் இருக்கின்றன. டொயோட்டா முறையின் ஒரு தூண் தொடர் மேம்பாடு என்றால் மற்றொரு தூண் மனிதருக்கு மதிப்பளித்தல். வகுப்பில் முதல் தூணுக்கு ஆறு வாரம் எடுத்தோம், இரண்டாவதற்கு ஒரு மணி நேரம். ரப்பரின் கதையும் இதே விகிதத்தில்தான் நடந்திருக்கிறது. 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. ஒட்டுக்கட்டிய மரங்களும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற வீரிய வகைகளும் வந்தன. பால்குழாய்கள் வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுவதால், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த வெட்டே அதிகக் குழாய்களைத் திறக்கும் என்பதும் நிலையான முறையாயிற்று. மரத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் மேம்படுத்தினார்கள். அதைச் சீவியவர்களோ மாதச் சம்பளம் என்ற ஒரே கோரிக்கைக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் ரிட்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. கூலியை நிர்ணயித்தவர் அவர் அல்லர். ரப்பர் உச்சத்தை எட்டிய கொஞ்ச காலத்திலேயே ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, கியூ பூங்காவுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டார். இந்த மரத்தால் பலர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அவர் ஆகவில்லை. 1914இல் தோட்டக்காரர்கள் சங்கம் ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. அவருக்கோ ரப்பர் தன் வேலைகளில் ஒன்று மட்டும்தான். இன்று சிங்கப்பூரின் தேசிய மலராக இருக்கும் ஆர்க்கிட்டை 1893இல் அறிவியல் உலகுக்கு விவரித்ததும் அவரே. ஓய்வுக்குப் பிறகு, 1922 தொடங்கி 1925க்குள், மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதி முடித்தார். தாவரங்கள் உலகெங்கும் பரவும் விதத்தைப் பற்றி இன்னொரு பெரிய நூலை 1930இல், 74 வயதில், வெளியிட்டார். 83 வயதில் முதன்முறையாகத் திருமணம் செய்துகொண்டார்! அவசரப்படாத மனிதர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1955 டிசம்பரில் நூறு வயது நிறைந்தது. 1956 அக்டோபர் 24ஆம் நாள் கியூவில் காலமானார். பத்து மாதம் கழித்து மலாயா சுதந்திரம் பெற்றபோது நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் ரப்பருக்கே. பாட்டிக்கு அப்போது வயது பதினாறு. தன் அம்மாவின் நிரையில் கோட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆண்டுதான் சொந்தமாக ஓர் உளி கொடுத்தார்கள், நாள் கூலிக்கு.